ஒரு நூல் இடம்

டேப்பில் 22 அங்குலம் என்று பிடித்தால் அது 558.8 மில்லிமீட்டர். அலமாரிக்குள் பொருத்தும் ஓவன்களில் பெரும்பாலானவற்றின் கையேடு கேட்கிற குறைந்தபட்ச அகலம் 560 மில்லிமீட்டர். வித்தியாசம் 1.2 மில்லிமீட்டர்தான். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். நூலுக்குக் கிட்டத்தட்ட 3.2 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் இது அரை நூல்கூட இல்லை. ஆனால் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மெஷினை அலமாரிக்குள் அசையவிடாமல் பிடித்துக்கொள்ள அந்த அரை நூல் போதும்.

நான் கோவையில் மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன். அப்பா நிலை, கதவு, கட்டில் செய்த ஆசாரி. அவர் தேக்கிலும் வேம்பிலும் செய்ததை நான் பிளைவுட்டிலும் மைக்காவிலும் செய்கிறேன். புதிதாகச் செய்துகொடுப்பது என் வேலையில் ஒரு பாதி. ஏற்கெனவே இருக்கும் அலமாரிக்குள் போக மறுக்கும் மெஷினை உள்ளே அனுப்புவதும், உள்ளே போய் வெளியே வராத மெஷினை எடுப்பதும் இன்னொரு பாதி. அந்தப் பாதியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சமையலறைக்குள் பொருத்தும் எந்த மெஷினுக்கும் உள்ளே போகிற வழியைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒருநாள் அது வெளியே வந்தாக வேண்டும். அந்த வழியையும் அன்றைக்கே செய்துவைக்க வேண்டும்.

போன வழி ஏன் அடைபட்டது?

வடவள்ளிப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு. ஓவனில் கீழே இருக்கும் எலிமென்ட் போய்விட்டது. எலிமென்ட் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் அந்த மாடலில் அதை மாற்ற, மெஷினை வெளியே எடுத்துப் பின்தகட்டைக் கழற்ற வேண்டும். சர்வீஸுக்கு வந்தவர் இழுத்துப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. ஆசாரியை வைத்து வெளியே எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது நியாயம்தான். பழுது மெஷினில் இருந்தாலும் தடை அலமாரியில் இருந்தது.

அந்த வீட்டுப் பெரியம்மா என்னைக் கேட்டார்: "ஏந்தம்பி, இதே சந்துலதான அன்னிக்கு உள்ள தள்ளுனாங்க? போன வழியில திரும்ப வர்றதுக்கு என்னவாம்?"

"அன்னிக்கு இருந்த வழி இப்ப இல்லீங்கம்மா. பாத்துச் சொல்றனுங்க" என்றேன்.

முதலில் எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு விசிட்டிங் கார்டு போதும். ஓவன் கதவைத் திறந்து, முன்சட்டத்துக்குப் பின்னால் மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவே கார்டை நுழைத்து, மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்த வேண்டும். தடையில்லாமல் ஓடுகிற இடத்தில் பிரச்சினை இல்லை. நிற்கிற இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்வேன். அந்த வீட்டில் இடதுபக்கம் கார்டு சுலபமாக ஓடியது. வலதுபக்கம் இரண்டு இடத்தில் நின்றது. நடுவில் ஒரு புள்ளியில் ஒருமுறை. அடியில் நான்கு விரல் அகலத்துக்கு இன்னொரு முறை.

நடுவில் நின்றதற்குக் காரணம் ஒரு ஸ்குரூ. பக்கத்தில் இருந்த அலமாரியை இதோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். இரண்டு பலகையும் 18 மில்லிமீட்டர், சேர்ந்தால் 36. முடுக்கிய ஸ்குரூ ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். மிச்சம் 2 மில்லிமீட்டர் முனை ஓவன் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓவனை வைத்த பிறகுதான் அந்த அலமாரி வந்திருக்கிறது. தலை நன்றாகப் பலகைக்குள் புதையும்வரை முடுக்கினால் முனை இன்னும் கொஞ்சம் வெளியே வரும்.

அடியில் நின்றதற்குக் காரணம் ஈரம். அலமாரியின் பக்கப் பலகைகள் பிளைவுட்; ஓவன் உட்கார்ந்திருந்த தட்டு மட்டும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்யும் அந்தப் பலகை, வெட்டிய விளிம்பில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பக்கத்து சிங்க்கிலிருந்து கசிந்த நீர் தட்டின் வலது முனையை ஊதவைத்து, மெஷினைத் தூக்கி நிறுத்தியிருந்தது.

இவை இரண்டும் பின்னால் வந்தவை. முதல் நாளிலிருந்தே இருந்த குறை அகலம். ஓவனின் உடம்பு 560-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால் 22 அங்குல அலமாரிக்குள்ளும் அழுத்தித் தள்ளினால் போய்விடும். அன்றைக்கு எல்லாருக்கும் திருப்தி. பக்கத்தில் ஒரு ஸ்குரூ முளைத்தாலோ, ஒரு தட்டு ஊதினாலோ தாங்குவதற்கு அங்கே இடமே விட்டுவைக்கவில்லை.

கழற்றும் முறை

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒயர் எங்காவது தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கியிருந்தால், இழுக்கும்போது மேல்உறை கிழிந்து தகர உடம்பு முழுக்க மின்சாரம் பாயும். டைட்டாக இருக்கும் மெஷின்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அடுத்து, கதவைத் திறந்தால் முன்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஸ்குரூ தெரியும். மாடலைப் பொறுத்து இரண்டு அல்லது நான்கு. அவற்றைக் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டு, கம்பி வலை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பிறகு கதவு. பெரும்பாலான ஓவன்களில் கீல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை மடக்கி, கதவைப் பாதி மூடி, மேலே தூக்கினால் கதவு தனியாக வந்துவிடும். இதனால் எடை குறையும், கண்ணாடிக்கும் ஆபத்தில்லை. பதப்படுத்திய கண்ணாடி நடுவில் அடிபட்டால் தாங்கும். விளிம்பில் லேசாக டைல்ஸ் இடித்தால்கூட மொத்தமாக நொறுங்கிவிடும். அதனால் கதவை ஜமுக்காளத்தின் மேல் படுக்கவைக்க வேண்டும், சுவரில் சாய்க்கக் கூடாது.

கைப்பிடியைப் பிடித்து ஓவனை இழுக்கவே கூடாது. கீல் கோணிவிட்டால் கதவு சரியாக மூடாது, சூடு வெளியேறும், பழுதாகாத மெஷின் அன்றிலிருந்து பழுதாகிவிடும். சுத்தியல், கடப்பாரை, ரப்பர் சுத்தியல் எதற்கும் இங்கே வேலை இல்லை.

அந்த வீட்டில் நான் ஓவனைத் தொடுவதற்கு முன் பக்கத்து அலமாரியைத் திறந்து, இரண்டையும் இணைத்த ஸ்குரூக்களைப் பின்னோக்கித் திருகினேன். முனை உள்ளே போனது. இணைப்பு விட்டதும் பலகையும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தது. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நீளமாக வெட்டி, மெழுகு தேய்த்து, கார்டு நின்ற இடங்களில் நுழைத்தேன். ஓவன் தட்டின் உயரத்துக்கே ஒரு மேசையை முன்னால் ஒட்டிப் போட்டோம். நானும் உதவியாளரும் ஆளுக்கொரு பக்கம் உள்கூட்டின் விளிம்பைப் பிடித்து, இடதுபக்கம் ஒரு நூல், வலதுபக்கம் ஒரு நூல் என்று மாற்றி மாற்றி நகர்த்தினோம். ஒரே பக்கம் இழுத்தால் மெஷின் கோணலாகி இன்னும் இறுகும். பாதி வந்ததும் நிறுத்தி, ஒயர் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை எடுத்தோம்.

அரை நூலைத் தேடிப் பிடித்தது

வெளியே வந்த ஓவனைச் சரிசெய்து அப்படியே திரும்பத் தள்ளிவிடலாம். ஆனால் அடுத்த பழுதுக்கு இதே கதை நடக்கும். அதனால் அலமாரியைத் திருத்தினோம்.

அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றில் சிறியதுதான் உண்மையான அளவு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக நிற்கிறது. வித்தியாசம் இருந்தால் கோணியிருக்கிறது. கோணிய பெட்டியைச் செதுக்கிப் பயனில்லை. அதை நேராக நிமிர்த்தி முடுக்க வேண்டும். இது சதுரமாகத்தான் இருந்தது. குறை அகலத்தில் மட்டும்.

உள்பக்கம் ஒட்டியிருந்த மைக்கா 0.8 மில்லிமீட்டர். ஓவன் நிற்கும் இடத்தின் உள்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஹீட் கன்னால் சூடுகாட்டினால் வெள்ளைப் பசை இளகும். அகல உளியை நுழைத்து இரண்டு பக்க மைக்காவையும் உரித்தோம். இரண்டு பக்கமும் சேர்ந்து 1.6 மில்லிமீட்டர் கிடைத்தது. 558.8 என்பது 560.4 ஆனது. பசைத் தடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்ததில் இன்னும் ஒரு மயிரிழை. முன்விளிம்பில் ஒட்டிய பட்டை உள்பக்கம் துருத்தியிருந்ததை இழைப்புளியால் சீவினேன். மொட்டைப் பிளைவுட்டை அப்படியே விட்டால் ஈரம் குடிக்கும். அதனால் பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு கை பூசிக் காயவிட்டோம். அடித்தட்டை மாற்றி, கொதிநீரைத் தாங்கும் தரப் பிளைவுட்டில் புதிது போட்டேன். அந்தத் தரத்துக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைக்கு ஐ.எஸ். 710 என்று பலகையிலேயே முத்திரை இருக்கும். சமையலறைக்கு வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குவது நல்லது. இணைப்பு ஸ்குரூக்களை ஒன்றேகால் அங்குலத்துக்கு மாற்றினேன். அது 32 மில்லிமீட்டர்தான், 36-ஐத் தாண்டாது.

எலிமென்ட் மாற்றியபின் ஓவனைத் திரும்ப வைத்தபோது பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். இருவர் கையில் அது சத்தமில்லாமல் உள்ளே போனது.

அலமாரிக்கு மெஷினா, மெஷினுக்கு அலமாரியா?

இந்தப் பொருந்தாமை ஏன் நம் வீடுகளில் இவ்வளவு அதிகம்? அதற்குக் காரணம் இருக்கிறது. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் தன் தொழிலாளர்களுக்குக் கட்டிய குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஒரே அளவு அலமாரிகளாகத் தொழிற்சாலையில் செய்து, ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். அந்த வழியில் வளர்ந்த ஐரோப்பியச் சமையலறைகளில் பின்னாளில் 60 சென்டிமீட்டர் என்பது பொது அளவாக நிலைபெற்றது. பாத்திரம் கழுவும் மெஷின், ஓவன் எல்லாம் அந்த 60-க்குள் அடங்கும்படியே செய்யப்பட்டன. அங்கே அலமாரியும் மெஷினும் ஒரே அளவுகோலில் பிறந்தவை.

நம்முடைய சமையல் மேடை வேறு வழியில் வந்தது. கொத்தனார் அடியும் அங்குலமும் வைத்துக் கட்டுகிறார். கடப்பாக் கல்லை நிறுத்தி, மேலே கிரானைட் போடுகிறார். உயரம், அந்த வீட்டில் சமைப்பவரின் இடுப்பைப் பார்த்து முடிவாகிறது. தோசைக்கல்லின் முன் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அதுதான் சரி. அதை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். மெஷின் அதற்குப் பல வருடம் கழித்து மில்லிமீட்டர் கணக்கோடு வீட்டுக்கு வருகிறது. இடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

உயரத்தில் இடித்தால்

பாத்திரம் கழுவும் மெஷின் இதற்கு நல்ல உதாரணம். மேடைக்குக் கீழே வைக்கும் மாடல்களுக்குக் குறைந்தது 815 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். தனியாக நிற்கும் மாடல்கள் 845. நம் வீடுகளில் தரையிலிருந்து கிரானைட்டின் அடிவரை 32 அங்குலம் இருந்தால் அதிகம், அது 812.8 மில்லிமீட்டர். இங்கும் ஒரு நூலுக்குள்தான் சண்டை.

முதலில் கால்களைப் பார்க்க வேண்டும். முன்கால் இரண்டையும் திருகி இறக்கலாம். பின்காலை முன்பக்கம் இருக்கும் ஒரு நீள ஸ்குரூவால் இறக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. தனியாக நிற்கும் மாடலாக இருந்து, மேல்மூடியை எடுக்கலாம் என்று கையேடு அனுமதித்தால், பின்னால் இருக்கும் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்துவிடலாம். அதில் 3 சென்டிமீட்டர் வரை கிடைக்கும். மூடி இல்லாமல் வைக்கும்போது மேலே கல் மூடியிருக்க வேண்டும். திறந்த மேனிக்கு விடக் கூடாது.

அடுத்து கிரானைட்டின் முன்விளிம்பு. கல் கனமாகத் தெரியட்டும் என்று விளிம்புக்குக் கீழே இன்னொரு துண்டை ஒட்டியிருப்பார்கள். உள்ளே உயரம் போதுமானதாக இருக்கும். வாசலில் மட்டும் அந்தத் துண்டு 18 அல்லது 20 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். அது எடை தாங்குவதற்காக ஒட்டியதல்ல, அழகுக்காகத்தான். மெஷின் நுழையும் இரண்டடிக்கு மட்டும் கிரானைட் வேலை தெரிந்தவரை வைத்து அறுத்தெடுக்கலாம். ஆனால் கடப்பாக் கல் தூண் குறுக்கே நின்றால் அதில் கை வைக்காதீர்கள். மேடையின் பாரம் அதன் மேல்தான் இருக்கிறது. மாற்றாக இரும்புச் சட்டம் கொடுத்து முட்டுக்கொடுத்த பிறகுதான் அதை எடுக்க முடியும்.

இன்னொரு கொடுமை தரையில் நடக்கும். மெஷினை வைத்த பிறகு, அதை அசைக்காமலேயே சமையலறைக்குப் புது டைல்ஸ் போடுவார்கள். பழைய தரைமேல் சிமென்ட்டும் டைல்ஸும் ஏறியதும், மெஷின் பள்ளத்தில் நிற்கும். மேலே கல், முன்னால் டைல்ஸ். காலை எவ்வளவு இறக்கினாலும் வெளியே வராது. முன்வரிசை டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. தரை வேலை என்றால் மெஷினை எடுத்து, அதன் அடியிலும் டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

ஆழத்தில் இடித்தால்

மெஷின் முழுவதும் உள்ளே போய், கடைசி இரண்டு விரல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் காரணம் பின்னால் இருக்கும் பிளக். 16 ஆம்பியர் பிளக்கைச் சொருகினால் அது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் நிற்கும். பலரும் மெஷினைத் தோளால் அழுத்துகிறார்கள். பிளக் உடைகிறது அல்லது ஒயர் நசுங்குகிறது. பிளக் பாயின்ட்டைப் பக்கத்து அலமாரிக்குள் மாற்றுவதுதான் ஒரே சரியான தீர்வு. அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கவும் அது கைக்கு எட்டும் இடம்.

சந்து காற்றுக்கும் வேண்டும்

இடைவெளி விட்டால் கரப்பான் குடியேறும், தூசி சேரும் என்று பலர் சொல்கிறார்கள். அதற்காக மெஷினைச் சுற்றி வெள்ளை சிமென்ட்டோ சிலிக்கானோ பூசிவிடுகிறார்கள். பூச்சி பற்றிய கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் மெஷினின் சூடு வெளியேற வேறு பாதை கிடையாது. அலமாரிக்குள் பொருத்தும் ஓவனில் ஒரு மின்விசிறி, கதவுக்கு மேலே இருக்கும் கீற்று வழியாகச் சூட்டை வெளியே தள்ளும். அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கீற்றை மரப்பட்டையால் மறைத்தால் உள்ளே இருக்கும் மின்பாகங்கள் வேகும்.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். இன்று வரும் பல ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவர்களுக்குள் ஓடுகிறது. பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். இரண்டு சுவருக்கு நடுவே இறுக்கி வைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். 'டி' வகை என்று குறித்த ஃபிரிட்ஜ் 43 டிகிரி வெப்பம்வரை வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. சித்திரை வெயிலில் காற்றே நுழையாத சந்துக்குள் அந்த எல்லையைத் தாண்டுவது எளிது.

கிரானைட்டில் பதிக்கும் கேஸ் ஹாப்பில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வெட்டிய ஓட்டை சிறிதாக இருக்கிறது என்று கண்ணாடி ஹாப்பை அழுத்திச் சொருகினால், சூட்டில் விரியும் உலோகமும் அசையாத கல்லும் சேர்ந்து கண்ணாடியைக் கடித்துவிடும். கேஸை மூடிவிட்டு, ஹாப்பை எடுத்துவிட்டு, கல்லை மட்டும் அறுக்க வேண்டும். ஓட்டையின் மூலைகளை வளைவாக அறுக்கச் சொல்லுங்கள். கூரான மூலையிலிருந்துதான் கல்லில் விரிசல் கிளம்பும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடியில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் அலமாரியின் கீழ்ப்பகுதியில் காற்று போக ஓட்டைகள் இருந்தே ஆக வேண்டும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு

மெஷினை முதலில் தேர்ந்தெடுங்கள்; பலகையைப் பிறகு வெட்டச் சொல்லுங்கள். கையேட்டில் பொருத்தும் அளவுக்கென்று ஒரு படம் இருக்கும். அதை ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கொடுத்து, மூவரையும் மில்லிமீட்டரிலேயே அளக்கச் சொல்லுங்கள். 600 மில்லிமீட்டர் அலமாரியில் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டு போனால் 564 மிஞ்சும். அதே பலகைக்கு வெளியே 1, உள்ளே 0.8 மைக்கா ஒட்டினால் 560.4-தான். அதனால் அளவு எப்போதும் மைக்கா, டைல்ஸ், பூச்சு எல்லாம் முடிந்த பிறகு நிற்கும் அளவாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும், எந்த எம்.சி.பி., எத்தனை ஸ்குரூ, பிளக் எந்த அலமாரியில், உள்அளவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். பழுது பார்க்க வருபவர் வேறு ஒருவராக இருப்பார். வீட்டில் அன்று முதியவர் மட்டும் இருக்கக்கூடும். ஒரு தாள் அவர்கள் இருவரின் நேரத்தையும் காப்பாற்றும்.

நல்ல பிளைவுட் அலமாரி மெஷினைவிட நீண்ட நாள் உழைக்கும். இன்று வைக்கும் ஓவனுக்குப் பிறகு இன்னொன்று அதே இடத்துக்கு வரும். அதன் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். இறுக்கமாகப் பொருந்துவதுதான் நல்ல வேலைப்பாடு என்று நினைத்து, மெஷினைச் சுற்றி விடும் இடைவெளியைப் பல வீடுகளில் குறை என்கிறார்கள். பக்கத்துக்கு அரை நூலாக நான் விடும் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் வேலை. அதை விடச் சொல்லி உங்கள் ஆசாரியிடம் நீங்களே கேளுங்கள்.